கரட்டு ஊரில் உட்கார்ந்து ஒரு கடற்கரை மைதானம்: பிஜிஏ டூர் 2கே23 கோர்ஸ் டிசைனருடன் 14 மாதம்

எனக்குத் தொழில் நில அளவை. காவேரிப்பட்டணத்தில் சின்ன அலுவலகம். மனைப்பிரிவுக்கு லேஅவுட், கொல்லைக்கு எல்லை, கோழிப்பண்ணைக்கும் மாங்கூழ் ஆலைக்கும் லெவல் (தரை உயரம்) என்று கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் ஸ்டாஃபும் (அளவுகோல்) டோட்டல் ஸ்டேஷனும் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) தூக்கிக்கொண்டு சுற்றுகிறவன். சாயங்காலம் ஆறரைக்கு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை மூடிவிட்டு, அதே கணினியில் கோல்ஃப் மைதானம் கட்டுகிறேன். 14 மாதம் ஆகிவிட்டது. 18 ஹோல் (பந்தை அடித்துப் போய்க் குழியில் போட்டு முடிக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஹோல்), பார் 71 (நன்றாக ஆடுபவர் 71 முறை அடித்து முடிக்க வேண்டும் என்ற கணக்கு), 6,820 கெஜம். கட்டிய கருவி எப்படி இருந்தது என்று முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

கருவி, பிஜிஏ டூர் 2கே23 என்ற விளையாட்டுக்குள் வரும் கோர்ஸ் டிசைனர். விளையாட்டு 2022 அக்டோபரில் வந்தது. அட்டையில் டைகர் உட்ஸ். செய்தவர்கள் கனடாவில் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹெச்பி ஸ்டுடியோஸ். 2014இல் 'தி கோல்ஃப் கிளப்' என்று ஒன்றை இவர்கள் கொண்டுவந்தபோதே மைதானம் வடிவமைக்கும் வசதி அதில் இருந்தது. அப்படியே வளர்ந்து இங்கே வந்து நிற்கிறது. 2025இல் அடுத்த பதிப்பும் வந்துவிட்டது, நான் இன்னும் 23இல்தான் இருக்கிறேன். தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கினேன். பந்து அடிக்க வாங்கவில்லை, நிலம் செய்ய வாங்கினேன்.

கோல்ஃப் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். இருபது வருடத்துக்கு முன்பு என் ஆசானிடம் ஸ்டாஃப் பிடிக்கும் பையனாக இருந்தேன். பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குக் கான்டூர் (சம உயரக் கோடு) எடுக்கும் வேலை வந்தது. 10 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கிரிட் போட்டு மூன்று வாரம் லெவல் எடுத்தோம். மைதானத்தை வடிவமைக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாங்கள் கொடுத்த வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்துகொண்டே இருந்தார். ஒரு கோடு போடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கூட இருந்த இன்ஜினியர் மூலமாக என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மழை பெஞ்சா தண்ணி இதுல எந்த வழியாப் போகும்?" கோரைப்புல் முளைத்திருந்த இடத்தைக் காட்டினேன். கோரை இருந்தால் அடியில் ஈரம் தங்கும் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் அங்கேயே உட்கார்ந்து, அந்தக் கோரைக்கு மேற்கே இருந்த மேட்டில் ஒரு கிரீனை, அதாவது குழியும் கொடியும் இருக்கும் மழித்த புல்தரையை, குறித்தார். அன்றைக்குப் பிடித்தது இந்த ஆசை.

அது லிங்க்ஸ் என்னும் கடற்கரை வகை மைதானம் இல்லை. லிங்க்ஸை நான் டிவியில்தான் பார்த்தேன். பிரிட்டனின் ஓப்பன் போட்டி ஜூலை மூன்றாம் வாரத்தில் நடக்கும். நமக்கு ஆடி பிறக்கிற வாரம். அங்கே கொடிக்கம்பம் வளைந்துகொண்டிருக்கும், இங்கே என் வீட்டு மாடியில் தகரம் படபடக்கும். எந்த மைதானத்தையும் லிங்க்ஸ் என்று சொல்லிவிடக் கூடாது. கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே, பயிருக்கு ஆகாது என்று விட்ட மணல் நிலம்தான் லிங்க்ஸ். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லிங்க்' என்றால் மேடு, கரை. நம் வரப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்தான் இப்படி ஆனது. மணல் என்பதால் தண்ணீர் நிற்காது. சத்து குறைவு என்பதால் புல் தடிக்காது. ஃபெஸ்க்யூ, பென்ட் என்று ஊசி போன்ற புற்கள். ஆடும் முயலும் கடித்து, காற்று காய்ச்சி, தரை கெட்டிப்பட்டுக் கிடக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காது, ஓடும். எங்கே போய் நிற்கும் என்பதை நிலம் முடிவு செய்யும். இதைக் கணினியில் உண்மையாகக் கொண்டுவர முடியுமா என்பதுதான் என் கேள்வி.

முதல் மைதானம் மூன்று வாரத்தில் முடிந்தது. மோசமாக வந்தது. எதனால் என்று சொன்னால் புதிதாகத் தொடங்குபவருக்கு உதவும்.

கருவியைத் திறந்ததும் ஒரு சூழலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். மேடு பள்ளம் எவ்வளவு, மரம் எவ்வளவு என்று சில அளவுகளை நகர்த்தினால் நிலமும் அதன் மேல் ஹோல்களும் தானாகப் பிறக்கும். ஆசையில் மேடு பள்ளத்தை உச்சத்துக்குத் தள்ளினேன். மலை வந்தது. ராயக்கோட்டைப் பக்கம் போவது போல இருந்தது. அதைத் தட்டிச் சமமாக்கி, ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு பக்கமும் 12 மீட்டர் உயரத்தில் மணல்மேடு எழுப்பினேன். நடுவில் பங்கர்களாக, அதாவது மணல் குழிகளாக, குத்தி வைத்தேன். மேலிருந்து பார்த்தால் பணியாரக்கல் மாதிரி தெரிந்தது. பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தவன் கன்ட்ரோலரை எடுத்து ஒன்பது ஹோல் ஆடினான். வைத்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, ரெண்டு பக்கமும் சுவர் வெச்ச ரோடு மாதிரி இருக்கு. எங்க அடிக்கணும்னு யோசிக்கவே வேணாம். நேரா அடிச்சா போதும்."

அவன் சொன்னது சரி. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஃபேர்வேக்கு, அதாவது பந்தை அடித்துப் போகும் புல்வெளிப் பாதைக்கு, இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. அகலமாகக் கிடக்கும். இடது பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் அங்கிருந்து கிரீனைப் பார்த்தால் நடுவில் ஒரு பங்கர் நிற்கும். வலது பக்கம் ஆபத்து, தப்பித்தால் வழி திறந்திருக்கும். ஆடுபவர் யோசித்துத்தான் ஆக வேண்டும். நான் மேட்டைக் கட்டினேனே தவிர அந்த யோசனையைக் கட்டவில்லை. கோப்பை அழித்துவிட்டேன்.

இரண்டாவது தடவை, கருவி போட்டுத் தந்த ஹோல்களை எல்லாம் நீக்கிவிட்டு, வெறும் நிலத்தில் தொடங்கினேன். தருகிற இடம் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர். நம் கணக்கில் ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மைதானத்துக்கு இதில் கால் பங்குகூட வேண்டாம். மிச்சம் இருப்பதுதான் வசதி, நிலத்தை நிலமாகவே யோசிக்க விடுகிறது. கிராஃப் தாளை எடுத்து, எல்லாருக்கும் செய்கிற மாதிரி ஒரு கான்டூர் படம் போட்டேன். கிழக்கே கடல். கடற்கரைக்கு இணையாக மூன்று மணல் வரிசை, நடுவில் நீளவாக்கில் தாழ்ந்த தடம். மேற்கே போகப் போகச் சமநிலம். குறுக்கே ஒரு ஓடை. எந்த இடத்தில் ஹோல் வரும் என்று யோசிக்கவே இல்லை. ஆறு வாரம் இதற்கே போனது. இந்த மைதானம் உருப்பட்டது என்றால் அந்த ஆறு வாரத்தால்தான்.

இங்கே கருவியைப் பாராட்ட வேண்டும். தரையை உயர்த்த, தாழ்த்த, சமமாக்க, மெழுகியது போல மென்மையாக்க என்று தனித்தனி பிரஷ்கள். அளவையும் வலுவையும் மாற்றிக்கொள்ளலாம். ஆட்டோகேடில் நாள் முழுக்க எண் தட்டிப் பழகியவனுக்கு, கையால் மண்ணைத் தடவுகிற மாதிரியான இந்த வேலை முதலில் பிடிபடவில்லை. பிடிபட்ட பின் விட மனம் வரவில்லை. ஒரே பிரஷ்ஷை ஒரே அளவில் வைத்து அடித்துக்கொண்டே போனால் வட்டம் வட்டமாகத் தெரிந்துவிடும், மனிதன் செய்தது என்று கத்தும். நான் கண்டுபிடித்த வழி இது: பெரிய பிரஷ்ஷில் மிகக் குறைந்த வலுவில் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி நாலைந்து தடவை போடுவது, பிறகு சின்னப் பிரஷ்ஷில் அங்கங்கே தாழ்த்துவது, கடைசியில் மென்மையாக்கும் பிரஷ்ஷை மேட்டின் உச்சியில் மட்டும் தடவி, அடியைத் தொடாமல் விடுவது. இயற்கையான மணல்மேடு உச்சியில் உருண்டு, அடியில் சட்டென்று தரையைத் தொடும்.

இது எனக்கு எப்படித் தெரியும்? போன தை மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனோம். முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் குதிரைமொழித் தேரிக்கு வண்டியை விடச் சொன்னேன். செக்கச்செவேல் என்று காற்று சேர்த்து வைத்த மணல்மேடுகள். போனில் இருக்கும் சாய்வுமானியை மணலில் வைத்துப் பார்த்தேன். காற்று ஏறி வரும் பக்கம் ஒரு இடத்தில் 9 பாகை, மறுபக்கம் 28. காய்ந்த மணல் 30 பாகையைச் சுற்றித்தான் நிற்கும், அதற்கு மேல் சரிந்துவிடும். என் மைதானத்தில் எல்லா மேடும் இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் கோயில் பிரசாதப் பொங்கல் கவிழ்த்தது போல நின்றுகொண்டிருந்தன. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொன்றையும் காற்றுக்கு ஏற்றபடி ஒரு பக்கம் இழுத்துவிட்டேன். அன்று இரவே நிலம் கடற்கரை ஆகிவிட்டது. செம்மண் தேரியும் ஸ்காட்லாந்து மணலும் வேறு வேறுதான், ஆனால் காற்று செய்கிற வேலை ஒன்று.

பெரிய மேடுகள் கண்ணுக்கு. பந்துக்கு முக்கியம் முழங்கால் உயர மேடுகள். ஃபேர்வேயில் அரை மீட்டர், முக்கால் மீட்டர் ஏற்ற இறக்கம் போதும். நின்று அடிக்கும் இடம் சாய்ந்துவிடும், உருண்டு வரும் பந்து திசை மாறிவிடும். டிவியில் இது தெரியாது, கேமரா தட்டையாக்கிவிடும். இந்தக் கருவியில் தெரிகிறது. தரையின் ஒவ்வொரு அசைவையும் பந்து உண்மையாகவே மதிக்கிறது. ஐந்தாவது ஹோலில் கிரீனுக்கு 40 மீட்டர் முன்னால் 60 சென்டிமீட்டர் மேடு ஒன்று வைத்தேன். அதன் இடது தோளில் விழுந்தால் பந்து கிரீனுக்குள் போகும், வலது தோளில் விழுந்தால் ஓடைப் பக்கம் திரும்பும். இந்த ஒரு மேட்டை மட்டும் பதினேழு தடவை மாற்றினேன்.

பங்கர் விஷயம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் கொல்லைகளில் செம்மறி மேய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று ஓங்கினால் மந்தை மேய்வதை விட்டுவிட்டு வரப்புக்கோ பாறைக்கோ மறைவில் போய் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தி நிற்கும். தினமும் அதே இடம். புல் தேய்ந்து மண் வெளியே தெரியும். ஸ்காட்லாந்தில் பங்கர்கள் இப்படிப் பிறந்தவை என்று சொல்வார்கள். ஆடு ஒதுங்கித் தேய்த்த குழியில் மணல் வெளிப்பட்டு, காற்று அதைப் பெரிதாக்கியது. இதைப் படித்தபின் எனக்கு ஒரு விதி கிடைத்தது: ஆடு ஒதுங்காத இடத்தில் பங்கர் வைக்கக் கூடாது. முதலில் காற்றின் திசையை முடிவு செய்தேன். பிறகு ஒவ்வொரு மேட்டுக்கும் மறைவுப் பக்கம் எது என்று பார்த்து, அங்கே மட்டும் வைத்தேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் 112 பங்கர். எனக்கு 71இல் நின்றது.

குழி சின்னதுதான், அதற்கு வந்து சேரும் சரிவு பெரிது. ஏரிக்கு நீர்ப்பிடிப்பு இருப்பது போல. பன்னிரண்டாவது ஹோலில் 4 மீட்டர் அகலப் பங்கர் ஒன்று. அதைச் சுற்றி 15 மீட்டர் தூரத்துக்கு நூற்றுக்கு மூன்று என்ற சாய்வு. வெறும் கண்ணுக்குத் தெரியாத சாய்வு. அக்கா மகன் அடித்த பந்து பங்கருக்குப் பத்துப் பதினோரு மீட்டர் தள்ளி விழுந்தது. நின்றுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கப் பாட்டிலை எடுத்தான். பந்து மெதுவாக ஒரு சுற்று உருண்டது, இன்னொரு சுற்று, அப்படியே வளைந்து குழியின் விளிம்பில் ஒரு கணம் நின்று உள்ளே இறங்கியது. பாட்டிலைத் திறக்காமலேயே வைத்துவிட்டான். "இதைத்தான் மாமா டிவில பாத்தோம்" என்றான். 14 மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அந்த வார்த்தை.

லிங்க்ஸ் பங்கருக்குப் புல் பத்தைகளை வெட்டிச் செங்கல் மாதிரி அடுக்கிய செங்குத்துச் சுவர் உண்டு. அதை அச்சு அசலாக எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இந்த வகைக் கருவிகளில் தரை என்பது ஒரு புள்ளிக்கு ஒரு லெவல் என்ற கணக்கில் நிற்கிறது. எங்கள் கான்டூர் படமும் அப்படித்தான். சுவரில் ஒரே புள்ளிக்கு மேலே ஒரு லெவல், கீழே ஒரு லெவல் வேண்டும். அதனால் எவ்வளவு செங்குத்தாக இழுத்தாலும் கொஞ்சம் சரிவு மிஞ்சும். நான் சரிவை முடிந்தவரை நிமிர்த்திவிட்டு, விளிம்பில் உயரமான புல்லை நெருக்கமாக வைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும், ஆட்டத்தில் உறுத்தவில்லை.

காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு காற்று என்பதை ஆட வருபவர் தேர்ந்தெடுக்கிறார், வடிவமைத்தவர் கையில் அது இல்லை. எந்தக் காற்று வந்தாலும் மைதானம் தாங்க வேண்டும். பழைய லிங்க்ஸ் மைதானங்கள் பல, ஒன்பது ஹோல் வெளியே போய் ஒன்பது ஹோல் திரும்பி வரும் அமைப்பு. போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது முதுகுக் காற்று. நிஜத்தில் இது அழகு, கணினியில் ஒன்பது ஹோலும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டு மைதானம் வேறு வழியைக் காட்டியது. முதல் ஒன்பது ஒரு திசையில் சுற்றும், அடுத்த ஒன்பது உள்ளே எதிர்த்திசையில் சுற்றும், காற்று வரும் பக்கம் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். நான் இரண்டையும் கலந்தேன். ஏழு ஹோல் கடலோரமாக வெளியே, நான்கு ஹோல் மணல் வரிசைகளுக்குக் குறுக்கே மேலும் கீழுமாக, கடைசி ஏழு திரும்பி. அந்த நடு நான்குதான் ஆடுபவர்களை அதிகம் யோசிக்க வைக்கிறது. பலத்த காற்றில் அக்கா மகன் அந்த நான்கில் மட்டும் பாரைவிட ஏழு தடவை கூடுதலாக அடித்தான்.

தரை எவ்வளவு கெட்டி என்பதும் ஆட்டம் தொடங்கும்போது தேர்வுதான். என் மைதானத்தை ஆடுவதாக இருந்தால் தயவுசெய்து கெட்டியான தரையை வையுங்கள். மெத்தென்ற தரையில் நான் செய்த பாதி வேலை காணாமல் போய்விடும். 2006இல் ராயல் லிவர்பூலில் ஓப்பன் நடந்தபோது கோடையில் காய்ந்து மைதானமே பழுப்பாகிக் கிடந்தது. டைகர் உட்ஸ் நான்கு நாளில் 72 ஹோலுக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான் டிரைவர் என்ற மிக நீளமான மட்டையை எடுத்தார். சின்ன மட்டையால் அடித்துத் தரையில் ஓடவிட்டே ஜெயித்தார். பச்சைப்பசேல் என்று இருந்தால்தான் அழகு என்று நினைப்பவர்கள் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும். நானும் நிறத்தில் பச்சையைக் குறைத்து, சித்திரை மாதத்து மானாவாரிக் கொல்லையின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன்.

கிரீனின் வேகத்தைக் கூட்டிவைத்துப் பெருமைப்படுபவர்கள் உண்டு. லிங்க்ஸில் அது தவறு. 2015இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓப்பனில் சனிக்கிழமை காற்று அடித்த அடியில் கிரீனில் வைத்த பந்து தானாக நகர ஆரம்பித்தது. ஆட்டத்தை நிறுத்தினார்கள், போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. அதனால் கடற்கரைக் கிரீன் நடுத்தர வேகத்தில்தான் இருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துவிட்டால் மேடு பள்ளத்தைத் தாராளமாக வைக்கலாம். பந்து போய் விழ வேண்டிய குழி வெட்டும் இடத்தைச் சுற்றி மட்டும் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் சாய்வு வராமல் பார்த்துக்கொண்டேன். செயின்ட் ஆண்ட்ரூஸில் இரண்டு ஹோலுக்கு ஒரே கிரீன் என்று ஏழு இரட்டைக் கிரீன்கள் உண்டு. இரண்டு ஹோலின் எண்ணையும் கூட்டினால் 18 வரும். கருவியில் இதைத் தடையில்லாமல் செய்ய முடிகிறது, கிரீன் என்பது தரையில் தீட்டும் ஒரு புல் வகைதான் என்பதால். நானும் ஒன்று செய்தேன், ஐந்தும் பதின்மூன்றும் சேர்ந்தது.

மரம், செடி, பொருட்கள் பற்றிச் சுருக்கமாக. லிங்க்ஸில் மரம் வேண்டியதில்லை, அந்த வேலை மிச்சம். உயரப் புல்லும் மஞ்சள் பூ முள்புதரும் போதும், இருப்பதில் நெருக்கமானதை எடுத்தேன். எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு எல்லை இருப்பதால் ஆடுபவர் கண்ணில் படாத இடத்தில் நட்டு வீணாக்காதீர்கள். வாரம் ஒருமுறை கோப்பை வேறு பெயரில் நகல் எடுத்து வையுங்கள், பின்னால் போய்ப் பார்க்க உதவும்.

எனக்குக் கிடைக்காமல் போன ஒன்று, பார்வை மறையும் ஹோல். அயர்லாந்தில் லஹின்ச் என்று ஒரு மைதானம். அங்கே ஆடு வந்து கிளப் கட்டடத்தை ஒட்டி நின்றால் மழை வரும் என்று பார்ப்பார்கள். அதில் 'டெல்' என்று ஒரு சின்ன ஹோல். கிரீன் முழுக்க மணல்மேட்டுக்குப் பின்னால். மேட்டின் மேல் வைத்த ஒரு வெள்ளைக் கல்தான் குழி இருக்கும் திசையைக் காட்டும். கல்லை நம்பி அடித்துவிட்டு, மேட்டைச் சுற்றிப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லைக் கல்லையே நம்பிப் பிழைக்கும் எனக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசையாக ஒன்று கட்டினேன், கல்லும் வைத்தேன். ஆனால் கணினி விளையாட்டில் கேமராவைப் பறக்கவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிடலாம். அக்கா மகனும் அதைத்தான் செய்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த மேட்டைப் பாதியாக வெட்டி, கொடியின் உச்சி மட்டும் தெரியும்படி செய்துவிட்டேன். இப்போது கேமரா இல்லாமலேயே ஆடத் தோன்றுகிறது.

இதெல்லாம் விளையாட்டுத்தானே, இதற்கு இவ்வளவு உழைப்பா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன கதையை இங்கேயும் சொல்கிறேன். 1914இல் 'கன்ட்ரி லைஃப்' என்ற ஆங்கிலப் பத்திரிகை ஒரு ஹோலைத் தாளில் வரைந்து அனுப்பும் போட்டி வைத்தது. ஜெயித்தவர் அலிஸ்டர் மெக்கன்ஸி. அப்போது அவர் பெரிதாக அறியப்படாதவர், பின்னாளில் உலகின் மிகப் பெரிய வடிவமைப்பாளர்களில் ஒருவர் ஆனார். அந்த வரைபடத்தை அடிப்படையாக வைத்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் லிடோ என்ற மைதானத்தின் கடைசி ஹோலைக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை நிலத்தை எடுத்துக்கொள்ள, லிடோ மறைந்தே போனது. பல வருடம் கழித்து ஒரு ரசிகர் பழைய புகைப்படங்களை வைத்து இதே ஹெச்பி ஸ்டுடியோஸின் முந்தைய விளையாட்டில் லிடோவை அங்குலம் அங்குலமாகத் திரும்பக் கட்டினார். டாம் டோக் என்ற வடிவமைப்பாளர் அந்தக் கணினி மாதிரியைத் துணையாகக் கொண்டு விஸ்கான்சின் மாநிலத்தில், சாண்ட் வேலியில், நிஜ மண்ணில் லிடோவை எழுப்பினார். 2023இல் திறந்தார்கள். தாளில் வரைந்தது மண்ணாகி, மண் கணினிக்குள் போய், மறுபடி மண்ணாகியிருக்கிறது. நண்பர் அதற்கு மேல் கேட்கவில்லை. போன வாரம் வந்து மூன்று ஹோல் ஆடிவிட்டுப் போனார்.

யாருக்கு இது பிடிக்கும்? ஒரே இரவில் அழகான மைதானம் வேண்டும் என்பவருக்கு, தானாகப் பிறக்கும் மைதானமே போதும், நன்றாகவே இருக்கும். லிங்க்ஸ் கட்ட வேண்டும் என்பவர் குறைந்தது ஆறு மாதம் ஒதுக்க வேண்டும். கோல்ஃப் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் அவ்வளவு இல்லை. நிலம் பார்க்கத் தெரிய வேண்டும். வரப்பு போட்டவர், ஏரிக்கரை வேலை செய்தவர், ஜேசிபி ஓட்டுபவர், லெவல் எடுப்பவர் இவர்களுக்கெல்லாம் இந்தக் கருவி சட்டென்று பிடிபடும் என்று நம்புகிறேன். கணினி ஓரளவு வலுவாக இருந்தால் போதும், என் ஆட்டோகேட் கணினியிலேயே ஓடுகிறது. வடிவமைக்க மவுஸ், ஆடிப்பார்க்கக் கன்ட்ரோலர் என்று இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு வேறொருவரை ஆடவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள்.

மைதானத்துக்கு 'ஆடிக்காற்று' என்று பெயர் வைத்திருக்கிறேன். பதினாறாவது ஹோல் மட்டும் இன்னும் சரியாகவில்லை. கிரீனுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் பந்து போய்ச் சேர்ந்தால் திரும்பி வர வழியே இல்லாமல் இருக்கிறது. அங்கே தண்ணீர் தேங்கினால் எப்படி வடியும் என்று யோசித்துப் பார்த்தேன், வடியாது. நிஜ மணல் நிலத்தில் அப்படி ஒரு பள்ளம் இருந்தால் அடியில் கோரை முளைத்திருக்கும். தெற்குப் பக்கம் 40 சென்டிமீட்டர் வெட்டி ஓடைக்கு ஒரு வாய் திறந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டில் ஒரு லேஅவுட் வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வந்து உட்காருவேன்.